பாம்பு டெய்லர்

நான் ஒரு நாகப்பாம்பைக் கண்ணுக்குக் கண் பார்த்துத் தலைகுனிய வைத்தவள். அது என் உயரத்துக்கு எழுந்து நின்றது. விரித்த படம் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். சரி, என் உயரம் என்பது கொஞ்சம் அதிகம்தான். இடுப்புவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி பக்கத்தில் இருந்தால் முழங்காலுக்கு இறங்கிவிடுவேன். அவள் விலங்கியல் படிக்கிறாள், அவளிடம் என் பருப்பு வேகாது. தட்டை நீங்களே உள்ளங்கை அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்தது நாகம்தான், விஷம் உள்ளதுதான், எங்கள் தையல் கடைக்குள் அது நுழைந்தபோது நானும் உள்ளேதான் இருந்தேன். இதற்குச் சாட்சி உண்டு. அந்தச் சாட்சிதான் எனக்குத் தலைவலி.

சாட்சி என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பி மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஊருக்கு அவள் பாம்பு டெய்லர்.

தையற்கலைஞர் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. அதில் மூத்த தையற்காரர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு வரவேண்டுமாம். சங்கச் செயலாளர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் நாற்காலியைத் துடைத்தாகிவிட்டது. புகைப்படத்துக்கு எந்தப் புடவை என்றுகூட மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அவர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க நல்லா எழுதுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம பாம்பு டெய்லரம்மாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

இருந்தாலும் எழுதித் தருகிறேன் என்றேன். காரணம் இருக்கிறது. இத்தனை காலமாக எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அதை வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். அச்சில் வந்தால் வரலாறு. என் மாமியாரும் இப்போது இல்லை. குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. ஆகவே சங்கத்து அன்பர்களே, முழுதும் படியுங்கள். நடுவில் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

சின்னவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே வேர் பிடித்துவிட்டிருந்தேன். நான் பட்டம் வாங்கியவள். அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எனக்கு வாய், அவளுக்குக் கை. வந்த புதிதில் ஒரு பழைய சட்டையின் காலரைப் பிரித்து, திருப்பிப்போட்டுத் தைத்து என் மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அந்தக் காலர்தான். "சின்னவ போட்டது, பாருங்க, கொப்பளம் இருக்கா? சுருக்கம் இருக்கா?" என்பார். அதைக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் பக்கம் திரும்பினால் கரண்ட் போய்விடும்.

இவளாவது அடக்கமாக இருந்தாளா? புகழ்ச்சி காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளோடு சிரிப்பாள். ஒரு ஊசிகூடக் கீழே விழாது. நானும் வீட்டில் கண்ணாடி முன்னால் முயன்று பார்த்தேன். உதட்டில் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். தெருவைப் பார்த்த நீளமான ஒற்றை அறை. முன்னால் துணி வெட்டும் மேஜை. சுவர் ஓரமாகக் காலால் மிதித்து ஓட்டும் இரண்டு மிஷின்கள், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி திணித்த ஒரு சாக்கு. பின்னால் ஒரு கதவு, அதைத் தாண்டினால் குழாயடி. வாசல் பக்கம் நாற்காலி போட்டு மாமியார் பொத்தான் தைப்பார். மூலையில் ஸ்டூல் போட்டுக் காஜா போடுகிறவர் உட்கார்ந்திருப்பார். பொத்தான் துளைகளுக்கு விளிம்பு கட்டுவதுதான் அவர் வேலை. வாய் வேலை தனி.

மேஜைமேல் ஒரு பெரிய கத்தரி இருந்தது. கறுத்த பிடி, கனமான இரும்பு. மாமியாரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. எங்கள் தொழிலில் தைப்பவர் வேலையாள், வெட்டுபவர்தான் கடைக்குச் சொந்தக்காரர். தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தப்பினால் துணியும் போச்சு, துணி கொடுத்தவரும் போச்சு. மாமியாருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும், அந்தக் கத்தரி அடுத்து யார் கைக்கு என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. எழுந்தது என்றால் யாரும் வாயைத் திறந்து பேசவில்லை. சோறு போடும்போது கரண்டியின் சத்தத்தில் அந்தப் பேச்சு இருந்தது.

பெரியவள் நான். படித்தவள் நான். தோள் சரிவையும் இடுப்பு வளைவையும் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டத் தெரிந்தவள் நான். மனதளவில் அந்த மேஜைக்கு நான் குடிபோய், பால்கூடக் காய்ச்சியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாம்பு வந்தது.

ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலைகள் தைத்துக்கொண்டிருந்தோம். தடித்த சிவப்புத் துணி, உள்ளே லைனிங். ஒன்றைத் தூக்கினால் தோள் இறங்கிப்போகும். சின்னவள் அதை மடிமேல் மலைபோலக் குவித்துக்கொண்டு, கழுத்து மட்டும் வெளியே தெரிய மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் மேலாளர் அவசரப்படுத்த வந்து நின்றார். மேஜையில் இன்னொரு துணியை விரித்து நான் அவருக்கு மடிப்பின் ஆழத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். காஜாக்காரர் வழக்கம்போல, வாலிபத்தில் தான் பாம்பின் வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது கருநாகம். போன வாரம் சொன்னபோது வெறும் சாரை.

சாக்குக்குள் எலி குடித்தனம் நடத்துகிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். படித்தவள் பேச்சை யார் கேட்டார்கள்? சாக்கு அசைந்தது. ஒரு எலி துள்ளி விழுந்து பின்கதவுப் பக்கம் ஓடியது. அதன் பின்னால் சாக்கின் வாயிலிருந்து நிதானமாக வழிந்தது நாகம். நேராகப் போயிருந்தால் ஒரு கதையும் இல்லை. அது சின்னவளின் மிஷினுக்கு அடியில் நுழைந்து, மிதிக்கு முன்னால் நின்று, படம் எடுத்தது.

இந்த இடத்தில் மனித குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொருவரும் உண்மையில் யார் என்று தெரிந்துகொள்ளப் பெண் பார்க்கவோ வேலைக்கு நேர்முகம் வைக்கவோ வேண்டியதில்லை. நடுவில் ஒரு பாம்பை விட்டால் போதும்.

ஓட்டல் மேலாளர், "யாரும் அசையாதீங்க! யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார். முதல் தடவை கத்தும்போது மேஜைக்கு அருகில் இருந்தார். இரண்டாம் தடவை அந்தக் குரல் தெருவிலிருந்து வந்தது. அவருடைய ஒரு ஷூ மட்டும் அவர் சொன்னபடி அசையாமல் எங்களோடு இருந்தது. பாம்பைச் சுழற்றி எறிந்த காஜாக்காரர் ஊசி நூல் சட்டை சகிதமாக எழுந்தார், அவ்வளவுதான் பார்த்தோம். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "போயிடுச்சா, போயிடுச்சா?" என்று கடைப்பக்கமிருந்து வருகிறவர்களை எல்லாம் கேட்டாராம்.

மாமியாருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. தரையில் நீளமாக எதுவோ கிடக்கிறது என்பது மட்டும் புலப்பட்டிருக்கிறது. "பெரியவளே, அந்த பெல்ட்டை யாரு கீழ போட்டது? எடுத்து மேல வை" என்றார்.

"அத்தை, அது பெல்ட்டு இல்ல, பாம்பு" என்றாள் சின்னவள். உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

பெரியவளாகிய நான் என்ன செய்தேன்? நிலைமையை ஒட்டுமொத்தமாகக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று உணர்ந்து உயரமான இடத்துக்குப் போனேன். மேஜைதான் உயரமாக இருந்தது. அங்கிருந்துதான் நானும் அந்த நாகமும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டோம். செப்புப் பொத்தான் மாதிரி கண். அதில் சிறு மினுமினுப்பு. நான் இமைக்கவில்லை. அதற்குத்தான் இமையே கிடையாதே, போட்டி சமம்.

சின்னவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மிதியை அழுத்தியபடியும், மற்றது குதிகாலைத் தூக்கியபடியும் நின்றுபோயிருந்தன. கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் பாம்புக்கு அலுத்திருக்க வேண்டும். சரசரவென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. அதற்குப் பின்னால் திடீரென்று கடகடவென்று மிஷின் ஓடியது.

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தை. குழாயடிப் பக்கம்."

"போன கையோட தைக்க ஆரம்பிச்சுட்டியாடி? அடி என் தங்கமே!"

தங்கமே! இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு பித்தளைகூடச் சொன்னதில்லை.

நான் மேஜையிலிருந்து இறங்கினேன். விரித்திருந்த துணியில் என் கால் தடம் பதிந்திருந்தது. மாமியாரின் கண் புரைக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். சின்னவளின் தோளைப் பிடித்து, "எழுந்திரு, வெளிய போகலாம்" என்றேன்.

"முடியலைக்கா" என்றாள். குனிந்து பார்த்தால், அவள் புடவைத் தலைப்பு திரைச்சீலைக்கும் லைனிங்குக்கும் நடுவில் அகப்பட்டு, அதோடு சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. கனத்த துணியை மடியில் குவித்துத் தைக்கிறவர்களுக்கு இது நேருவதுதான். எங்கள் தொழிலில் தன்னையே தைத்துக்கொள்ளாதவர் யார்? ஒரு சாண் நீளத்துக்கு நல்ல நெருக்கமான தையல். பிளேடை எடுத்து நான்தான் பிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தைரியமாவது ஒன்றாவது! மிஷினோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி இருந்திருக்கிறாள். எழுந்து ஓட முடியாதவள் உட்கார்ந்திருந்ததற்குப் பெயர் தைரியமா?

பாம்பு பிடிக்கிறவர் வந்து, குழாயடிக் கல்லுக்குக் கீழே இருந்ததைக் கொக்கியால் இழுத்துப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு உள்ளே வந்து மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இந்த மிதி ஒரு ஆட்டம் ஆடியிருந்தா கொத்தியிருக்கும்மா. பாம்புக்கு முன்னாடி காலை அசைக்காம உக்காந்திருந்தீங்களா? நானே உக்காந்திருப்பேனான்னு தெரியலை" என்றார். அதற்குள் தெரு முழுவதும் வாசலில் கூடியிருந்தது. அவர் சொன்னது ஒருவர் விடாமல் எல்லார் காதிலும் விழுந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாம்பு இரண்டாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அது அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. காஜாக்காரர் உதவிக்கு ஆள் அழைக்கத்தான் ஓடினாராம். அடுத்த வாரம் அவர் வெளியே ஓடியதே பாம்பின் கவனத்தைத் திருப்பத்தானாம். தைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட நல்ல துணியின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள், அவள் முகத்தைப் பார்க்க. அவளும் சளைக்கவில்லை. "அது என் காலைப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, குண்டூசிகளோடு அந்தச் சிரிப்பு. அவள் பாம்பு டெய்லர் ஆனாள். நான் பாம்பு டெய்லரோட அக்கா ஆனேன். பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த பட்டம் அது!

ஒரு காலையில் மாமியார் எங்கள் இருவரையும் மேஜைப்பக்கம் கூப்பிட்டார். கத்தரியைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பெரியவளே, உனக்கு அறிவு இருக்கு, இல்லேங்கலை. ஆனா வெட்டுறவளுக்குக் கை காலு நடுங்கக் கூடாது. அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியலை, காது கேட்டுச்சு. மிஷின் நின்னதும் கேட்டுச்சு, பாம்பு போனதும் மறுபடி மிஷின் ஓடினதும் கேட்டுச்சு. நடுவுல ஒரு தட்டுத் தடுமாத்தம் இல்ல. இந்தா சின்னவளே, பிடி."

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் தைத்துப்போய்க் கிடந்தாள் அத்தை, நான்தான் பிரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நீ எங்கடி இருந்தே?" என்பது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் மேஜைத் துணியில் கால் தடமாக இருந்தது. விழுங்கிக்கொண்டேன். அது இன்றுவரை நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

கத்தரியோடு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும், வாழ்க்கைக் குறிப்பாயிற்றே. நன்றாகத்தான் வாழ்ந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். துணியை விரித்தால் உள்ளங்கையால் ஒருமுறை நீவுவாள், சாக்கட்டியால் கோடு போடுவாள், அப்புறம் கத்தரி ஒரே ஓட்டமாக ஓடும். அந்த 'கறக் கறக்' என்ற சத்தம் என் முதுகுக்குப் பின்னால் காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்கும். நான் என் மிஷினை வேகமாக மிதித்து அதை அமுக்கப் பார்ப்பேன். அமுங்காது. கொழுந்தனார் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அழுது முடித்த கையோடு கடையைத் திறந்தாள், இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். கடைப் பலகையில் யாரோ ஓவியர் படமெடுத்த பாம்பை வரைந்து, அதன் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறார். வெளியூரிலிருந்துகூட அதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் வாங்கிய டிபன் கேரியரை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். பாம்பு வந்த நாளிலிருந்து, மிஷினில் உட்காருமுன் புடவைத் தலைப்பை இழுத்து, துணி காயப்போடும் க்ளிப் ஒன்றால் தோளில் பிடித்துக்கொள்வாள். ஊரார் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள். இரண்டு மூன்று பெண்கள் அதைப் பார்த்துத் தாங்களும் க்ளிப் மாட்டிக்கொண்டார்கள். எனக்கல்லவா தெரியும் அது என்ன க்ளிப் என்று! ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. கத்தரி உன்னிடம், உண்மை என்னிடம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே சங்கத்து அன்பர்களே, வரலாறு இதுதான். பாம்பு டெய்லர் அசையாமல் இருந்தது அசைய முடியாததால். அந்தப் பெருமையெல்லாம் சேர வேண்டியது ஒரு ரீல் சிவப்பு நூலுக்கு.

இவ்வளவும் எழுதி முடித்து, எதையும் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்ற பேர் வரக்கூடாது என்று, சின்னவளையே வீட்டுக்கு வரவழைத்து வாசித்துக் காட்டினேன். அவள் தன் பேத்தியின் பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டே கேட்டாள். புடவை தைத்துப்போன இடத்தை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். முகம் சுருங்கும் என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கக்கா. ஒரு இடம் மட்டும் சரியில்லை."

"புடவை தைச்ச இடம்தானே? அதை நான் மாத்த மாட்டேன். பிளேடு வெச்சுப் பிரிச்சவ நான்."

"அதை மாத்த வேணாம். முன்ன பின்ன ஆயிடுச்சு, அதை மட்டும் மாத்துங்க. பாம்பு எதிர்ல நின்னப்ப புடவை சும்மாதான் கிடந்துச்சு. நெனச்சிருந்தா துணியைத் தள்ளிட்டு எழுந்து ஓடியிருக்கலாம். அது கதவைத் தாண்டினப்புறம்தான் என் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுது. நிறுத்தப் பாத்தேன், நிக்கல. மிதி தானா ஆடி, மிஷின் ஓடி, கிடந்த தலைப்பையும் சேத்துத் தச்சுப்புடுச்சு. அத்தைக்குக் கேட்ட சத்தம் அதுதான்."

எழுதிய தாள்களைக் கீழே வைத்தேன். "இத்தனை காலமா ஏன்டி சொல்லலை?"

"காலு நடுங்கிச்சுன்னு தெரிஞ்சா அத்தை கத்தரியைக் குடுத்திருப்பாங்களா? கையில வந்தப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றாள். வாயில் ஊசி எதுவும் இல்லை, அதே சிரிப்பு.

"பொய். நான்தான் மேஜைமேல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தேனே!"

அவள் பாவாடையை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கேக்கா பாத்தீங்க? ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டுல்ல நின்னீங்க."